தண்ணீர்க் குவளையைக் கொஞ்சம் கீழே வை, சுதா

அன்புள்ள சுதா,

நேற்று ராத்திரி நீ உன் ஆர்க்கிட் செடியைப் பற்றிப் போனில், "இலை சுருங்கிப்போச்சும்மா, காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தறேன், அப்படியும் நிமிரல" என்றாய். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வதுபோல இருந்தது உன் குரல். நான் அரைகுறையாகச் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை, அதனால் எழுதுகிறேன். முதலில் ஒன்று செய். இன்னும் நாலைந்து நாளைக்கு அந்தத் தொட்டியில் தண்ணீர் விடாதே. மீதியை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

தொட்டி மாற்றிய அன்று நாம் பார்த்ததை நினைத்துப் பார். பழைய தொட்டியிலிருந்து செடியை உருவியபோது வேரைச் சுற்றி அடைத்திருந்த பாசி வெளிப்பக்கத்தில் காய்ந்து மொரமொரவென்று இருந்தது. நடுவில் மட்டும் கோழிமுட்டை அளவு ஒரு பாசிக்கட்டி, பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. சின்னக் கன்றாக இருந்தபோது நர்சரியில் வைத்த பாசி அது. அதை எடுக்காமலேயே பெரிய தொட்டிக்கு மாற்றி விற்றுவிடுகிறார்கள். அதைச் சுற்றியிருந்த வேரெல்லாம் பழுப்பாகி, விரலால் இழுத்தால் தோல் கழன்று நூல் மாதிரி ஒன்றுதான் கையில் வந்தது. அவற்றையெல்லாம் வெட்டிய பிறகு கெட்டியான வேர் ஐந்துதான் தேறியது.

இலை சுருங்குவது அதனால்தான். குடிக்கும் வேர் குறைந்துவிட்டது, எவ்வளவு ஊற்றினாலும் இலை வரை போய்ச் சேராது. ஊற்ற ஊற்ற, மிச்சமிருக்கும் வேரும் காற்றில்லாமல் அழுகும். அப்போது இலை இன்னும் சுருங்கும், நீ இன்னும் ஊற்றுவாய். என் முதல் ஆர்க்கிட்டை நான் அப்படித்தான் இழந்தேன். துளசிக்கு ஊற்றுகிற மாதிரி தினமும் காலையில் ஒரு செம்பு. தாகத்தில் வாடுகிறது என்று நினைத்து ஊற்றிக்கொண்டே இருந்தேன், அது வேரழுகி வாடிக்கொண்டிருந்தது. தாகத்துக்கும் அழுகலுக்கும் இலை ஒரே மாதிரிதான் சுருங்கும். இலையைப் பார்த்துத் தண்ணீர் விடக் கூடாது, வேரைப் பார்த்துத்தான் விட வேண்டும்.

வெட்டிய இடம் காய்வதற்கு நாலைந்து நாள் தண்ணீர் காட்டாமல் இருக்க வேண்டும். கிளம்பும் அவசரத்தில் அதை உன்னிடம் சொல்லாமல் வந்துவிட்டேன். தப்பு என்மேல்தான், நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. இன்னும் கொஞ்சம் லவங்கப்பட்டைத்தூள் போடட்டுமா என்று கேட்டாயே, வேண்டாம். வெட்டு வாயில் தொட்டு வைத்தது போதும். அது ஈரத்தை இழுத்துவிடும், நல்ல வேரில் பட்டால் அதையும் காயவைக்கும்.

நீ ஏழாவது படிக்கும்போது ஏற்காட்டு ஆர்க்கிட் தோட்டத்துக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? மரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த செடியைப் பார்த்து, "இது புல்லுருவியாம்மா?" என்று கேட்டாய். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தில் குடியிருக்கும், அவ்வளவுதான். மரத்திடமிருந்து எதையும் எடுக்காது. மழை பெய்யும்போது பட்டையில் வழிகிற தண்ணீரை வேர் பிடித்துக்கொள்ளும், மழை விட்டதும் காற்றில் உலர்ந்துவிடும். உன் செடியின் உறவுக்காரர்களும் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் அப்படித்தான் கிளைகளில் வாழ்கிறார்கள். அதனால்தான் மண் இல்லாமல் கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் போட்டோம். மட்டையை இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி வந்ததைக் கொட்டிக் கொட்டி மாற்றினோமே, அதிலுள்ள உப்பும் துவர்ப்பும் போவதற்காகத்தான். துண்டுகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளில் காற்று போய் வர வேண்டும். இந்தச் செடிக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை.

வேரின் மேல் பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது வெள்ளி நிறம். தண்ணீர் பட்டதும் ஊறி, உள்ளிருக்கும் பச்சை தெரியும். கண்ணாடி மாதிரித் தொட்டிதான் வேண்டும் என்று நான் கடையில் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான். பக்கவாட்டில் பார். வேர் பச்சையாக இருந்தால் தொடாதே. எல்லா வேரும் வெள்ளியாகி, தொட்டியின் உட்சுவரில் ஈரம் ஒட்டாமல் இருந்தால் தண்ணீர் விடலாம். நடுவில் ஈரம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், ஊதுபத்தி எரிந்து முடிந்தபின் மிஞ்சும் மூங்கில் குச்சியை வேரில் படாமல் உள்ளே செருகி, பத்து நிமிஷம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வை. சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறு. கொஞ்ச நாள் போனால் தொட்டியைத் தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிவிடும். உங்கள் சென்னை வெயிலுக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை தேவைப்படலாம், மழைக்காலத்தில் பத்து நாள்கூடப் போகும். கிழமை வைத்து ஊற்றாதே.

ஊற்றும்போது மட்டும் தாராளமாக ஊற்று. கரண்டி கரண்டியாக விட்டால் மேலே மட்டும் நனையும். காலையில் சிங்க்கில் வைத்து, கரியின் மேல் மெதுவாகச் சுற்றி, அடியில் வழிந்தோடும் வரை விடு. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு தடவை. நன்றாக வடிந்த பிறகு இடத்தில் வை. அடியில் தட்டில் தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. உங்கள் அபார்ட்மெண்ட் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பு வேரைக் கருக்கிவிடும். மழைத் தண்ணீர் பிடித்து வைக்க முடிந்தால் அதுதான் முதல் தரம், இல்லாவிட்டால் கேன் தண்ணீர்.

இலைகள் சேரும் நடுக்குருத்தில் தண்ணீர் நிற்கவே கூடாது. தாத்தா தோப்பில் குருத்தழுகல் வந்த தென்னை என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். இந்தச் செடியும் அப்படித்தான், வளர்வதற்கு அந்த ஒரு முனைதான் உண்டு. காட்டில் இது கிளையில் சாய்ந்தபடி, இலை தொங்க வளரும், மழை வழிந்துவிடும். நாம்தான் தொட்டியில் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். குருத்தில் தண்ணீர் தவறி விழுந்தால் டிஷ்யூ பேப்பரைத் திரித்து, நுனியைக் குருத்தில் வைத்தால் உறிஞ்சிவிடும். சாயங்காலம் ஊற்ற வேண்டாம் என்பதும் இதனால்தான், ராத்திரி முழுக்க ஈரம் காயாமல் கிடக்கும்.

இடத்தையும் மாற்று. ஹாலில் ஏசிக்கு நேராக வைத்திருக்கிறாய், அந்தக் காற்று இலையை இன்னும் வற்றவைக்கும். சமையலறையின் கிழக்கு ஜன்னல் நல்லது. முதல் இரண்டு வாரம் ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளி, நேர் வெயில் படாமல் இருக்கட்டும். செடி ஆடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். ஆடினால் புது வேர் உரசி முனை முறிந்துவிடும், ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டு. அரிசி களைந்த தண்ணீர் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம், இப்போது வேண்டாம். உரமும் ஒரு மாதத்துக்கு வேண்டாம். புது வேர் வந்த பிறகு தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக இருக்கும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு அரை கிராம் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கொடு.

சுருங்கிய இலை பழையபடி நிமிரவே நிமிராமல் போகலாம். அடியிலை ஒன்று மஞ்சளாகி உதிரவும் கூடும். அதற்குப் பயப்படாதே. நடுக்குருத்து கெட்டியாக, பச்சையாக இருந்தால் செடி பிழைத்துக்கொள்ளும். பூத்தண்டை நான் வெட்டியபோது உன் முகம் வாடியதைக் கவனித்தேன். இரண்டு பூ மிச்சமிருந்தது, எனக்கும் மனசு வரவில்லை. ஆனால் இருக்கும் கொஞ்ச பலமும் வேருக்குப் போகட்டும் என்றுதான் வெட்டினேன். மறுபடி பூக்க ராத்திரியில் குளிர்ச்சி வேண்டும். மார்கழிப் பனியில் தண்டு கிளம்புகிறதா என்று பார்ப்போம்.

நிலாக்குட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆசை என்று சொன்னாய். அவளுக்கு வேறு வேலை கொடு. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் வேர் வெள்ளியா பச்சையா என்று பார்த்துக் காலண்டரில் எழுதட்டும். மாப்பிள்ளையிடமும் தண்ணீர் விடக் கூடாது என்று சொல்லிவை, அவர் போகிறபோது வருகிறபோது பாசத்தில் ஒரு கை தண்ணீர் தெளிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தொட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டு. தண்டின் அடியில் பச்சையாகவோ செந்நிறமாகவோ ஒரு சின்ன வேர்முனை தெரிகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா
சேலம்