ஊரணியைக் காணாத வரைபடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நீரையும் பசுமையையும் கணினியில் கணிக்கும் பெரும்பரப்புச் சூழலியல் மாதிரிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வரைபடங்களைக் காட்டிய அளவுக்கு அவற்றில் நுழையும் பிழைகளைக் காட்டவில்லை. செட்டிநாட்டுக்கு இந்த மாதிரிகளைப் பொருத்துவோர் முதலில் படத்தின் மிகச்சிறு சதுரமான பிக்சலின் அளவைப் பார்க்க வேண்டும். மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவியின் படத்தில் 500 மீட்டர் பிக்சல் ஒன்று 25 ஹெக்டேர். ஒரு ஏக்கர் ஊரணி அதில் அறுபதில் ஒரு பங்குதான். சுற்றியுள்ள செம்மண் பொட்டலோடு கரைந்துபோகும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் 10 மீட்டர் பிக்சல் என்பதால் அதே ஊரணிக்குச் சுமார் 40 பிக்சல் கிடைக்கும். ஆனால் கண்மாய் நிரம்பும் ஐப்பசி, கார்த்திகையில்தான் மேகம் மறைக்கும்.

மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடாரில் வேறு சிக்கல். திறந்த தண்ணீர் அதில் கருப்பாகத் தெரியும். தண்ணீருக்குள் மரம் நின்றால், அலை நீர்ப்பரப்பிலும் அடிமரத்திலும் பட்டுத் திரும்பி வெளிச்சமாகத் தெரியும். மாதிரி அதைத் தரை என்று எண்ணிவிடும். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தில் பறவைகள் கூடு கட்டுவதோ கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில். காக்க வேண்டிய இடமே கணக்கில் விடுபட்டுப்போகிறது!

சீமைக்கருவேலம் கோடையிலும் பச்சையாக நிற்கும். படத்தில் இலைப்பச்சையை அளக்கும் பசுமைக் குறியீட்டை மட்டும் நம்பினால், வரத்துக்கால் புதர் மண்டி அடைபட்டதைக் 'காடு வளர்கிறது' என்று படிப்போம். சீமைக்கருவேலத்தைத் தனி வகையாகப் பிரித்தே மாதிரிக்குப் பயிற்சி தர வேண்டும். தரவில் ஒரு பகுதியை மாதிரியின் சோதனைக்கு ஒதுக்கும்போது பிக்சல் பிக்சலாக அல்ல, கண்மாய் கண்மாயாகப் பிரிக்க வேண்டும். ஒரே கண்மாயின் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால் துல்லியம் பொய்யாக ஏறும்.

உரைகல் தரையில் எடுத்த அளவுதான். மடையருகே சென்டிமீட்டர் குறித்த அளவுகோலை நட்டு, தினமும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். ஒரு நாள் இறக்கம் காற்றலையில் மறைந்துவிடும். மழையும் வரத்தும் இல்லாத, மடை அடைத்த பத்து நாட்கள் வேண்டும். அந்தப் பத்து நாளில் 9 செ.மீ. இறங்கியது, ஆவியாகும் நீரை அளக்கும் திறந்த தொட்டி 7 செ.மீ. காட்டியது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் நீர் கண்மாயைவிட வேகமாக ஆவியாகும் என்பதால், அதன் அளவை 0.7 ஆல் பெருக்கினால் 4.9, மீதி 4.1 செ.மீ. கசிவு. ஒரு ஹெக்டேருக்கு அது 410 கன மீட்டர். தண்ணீர் எந்த மாதம் வரை நிற்கும் என்பதை மாதிரி சரியாகச் சொல்ல இந்த எண் இல்லாமல் முடியாது.

இனி இத்தகைய வரைபடங்களை வெளியிடும்போது, எத்தனை கண்மாய்களில் இறங்கி அளந்து சரிபார்த்தார்கள் என்பதையும் உடன் அச்சிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகர்,
தேவகோட்டை