ஓய்வு நேரத்தில் லாரி ஓட்டுவது

ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியா

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அத்தையின் முழங்கால் வலி தேவலையா? போனில் ஒன்று கேட்டீர்கள்: "கம்பெனி வண்டியில சாப்பிடப் போறேன், வீட்டுக்குப் போறேன்னு சொல்றியே, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இப்போது விவரமாகவே எழுதுகிறேன்.

இங்கே லாரி டிரைவர்களான எங்களுக்கு மணிக்கணக்கு உண்டு. தொடர்ந்து 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம் வரை ஓட்டலாம். அதையும் வேலையில் ஏறியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். இதையெல்லாம் எஞ்சினோடு இணைத்த ஒரு கருவி தானாகவே குறித்துக்கொள்ளும். 2017 டிசம்பரிலிருந்து பெரும்பாலான வண்டிகளுக்கு அது கட்டாயம்.

அந்தக் கருவியிலேயே 'பர்சனல் கன்வேயன்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வேலையிலிருந்து முழுசாக விடுபட்ட பிறகு சொந்தக் காரியத்துக்கு வண்டியை எடுத்தால் அதை அழுத்துவோம். அந்த ஓட்டம் ஓய்வுக் கணக்கில்தான் சேரும். தங்கிய இடத்திலிருந்து ஓட்டலுக்குப் போகலாம், டெர்மினலிலிருந்து வீட்டுக்குப் போகலாம். ஐ-40 நெடுஞ்சாலை ஓரத்தில் பஞ்சாபிக்காரர்களின் தாபாக்கள் இருக்கின்றன. பருப்பும் ரொட்டியும் கிடைக்கும் என்றால் கொஞ்ச தூரம் போக மனசு வராதா, சொல்லுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. மற்ற நேரத்தில் சுமார் 1 மைல் துல்லியத்தில் இடத்தைக் குறிக்கிற கருவி, இந்தப் பொத்தானை அழுத்தினால் சுமார் 10 மைல் சுற்றுவட்டாரமாகத்தான் குறிக்கும். டிரைவர் சொந்த நேரத்தில் எந்தக் கடையில் நின்றான் என்பது யாருக்கும் தேவையில்லை என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது.

போன குளிர்காலத்தில் ஒரு கிடங்கில் லோடு இறக்க மதியம் போனேன். அவர்கள் இறக்கி முடிக்கும்போது நள்ளிரவு; என் 14 மணி நேரமும் தீர்ந்துவிட்டது. உள்ளே தூங்கக் கூடாது, வெளியே போ என்று காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். ஃப்ரெஸ்னோ இருக்கிற இந்தப் பள்ளத்தாக்கின் மூடுபனியில் எதிரே வரும் விளக்குகூடத் தெரியாது. பொத்தானை அழுத்தி, காரணத்தையும் ஒரு வரி எழுதி, பக்கத்தில் இருந்த லாரி நிறுத்துமிடத்துக்கு ஊர்ந்து போய்ப் படுத்தேன். லோடு ஏற்றி இறக்கிய பிறகு, அருகில் பாதுகாப்பாக ஓய்வெடுக்க இடம் தேடிப் போவதை விதி அனுமதிக்கிறது. 2018-க்கு முன் வண்டியில் சரக்கு இருந்தால் இந்தக் கணக்கில் ஓட்டவே முடியாது. இப்போது சரக்கு இருந்தாலும் தடையில்லை.

ஆனால் அதைச் சாக்காக வைத்து அடுத்த லோடு எடுக்கிற இடத்தை நெருங்கிப் போகக் கூடாது. ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோவதும் கூடாது; அதெல்லாம் கம்பெனி வேலை. தூரத்துக்கு மத்திய அரசு எல்லை வைக்கவில்லை. கம்பெனி வேண்டுமானால் இத்தனை மைல்தான் என்று சொல்லலாம், அடியோடு கூடாது என்றும் சொல்லலாம். கனடாவில் கண்டிப்பு அதிகம்: ஒரு நாளைக்கு 75 கிலோமீட்டர், அதுவும் ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு உங்கள் ஞாபகம்தான், மாமா. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பர் வரிசையில் கன்டெய்னரோடு ராத்திரி முழுக்க நின்று, முன்வண்டி நகரும்போதெல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு கியர் போடுவீர்களே, அது வேலை நேரமா, ஓய்வா? யாரும் கணக்கு வைத்ததில்லை. விடிந்ததும் நேராக ஒரகடம் போகச் சொல்வார்கள்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் பொதுவாக நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்குப் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்தது; நாளைக்கு 8 மணி நேரம் என்பது அதிலும் இருக்கிறது. சங்கத்தில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, காத்திருக்கிற நேரத்தையும் வேலைக் கணக்கில் எழுதச் சொல்லிக் கேளுங்கள். கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். அதுவரை தூக்கம் வந்தால் மாதவரத்தில் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள்; முதலாளி போன் பண்ணினால் பண்ணட்டும்.

பணம் போன வாரமே அனுப்பிவிட்டேன். அத்தையை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்