தகட்டில் எழுதியிருப்பது

பாலக்கோடு,
ஞாயிற்றுக்கிழமை

கண்ணு,

போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, கேழ்வரகு மாவுப் பையோடு சேர்த்து அனுப்புகிறேன். மாவை டப்பாவில் கொட்டிவிட்டு உட்கார்ந்து படி.

புதுக் கம்ப்யூட்டர் வாங்க நீ வாட்ஸ்அப்பில் போட்ட பார்ட்ஸ் லிஸ்டைப் பார்த்தேன். 45,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும், கல்யாண வீடியோ எடிட் பண்ண வேண்டும் என்கிறாய். நல்லது. கலர் விளக்கு எரிகிற ஃபேன் மூன்று என்பதுவரை எழுதியிருக்கிறாய். சுவர் கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற பாகங்களுக்கு மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் வருகிற இடத்தில் மட்டும் "கேபினெட்டோடு ஃப்ரீ" என்று முடித்துவிட்டாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பாவோடு உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷமாக மோட்டாருக்குக் காயில் சுற்றுகிறவள் நான். கோடை வந்தால் லோ வோல்டேஜில் ஓடிக் கருகிய போர் மோட்டார்கள் நம் கடை வாசலில் வரிசையாகக் கிடப்பது உனக்குத் தெரியும். தகட்டில் 5 ஹெச்பி என்று இருக்கும். பிரித்தால் உள்ளே மெலிந்த கம்பி. சிலதில் காப்பரே கிடையாது, அலுமினியம். பெட்டிக்குள் வைக்கிற எஸ்எம்பிஎஸ்ஸும் அதே ஜாதிதான். மேலே பெரிதாக 450 என்று அச்சடித்திருப்பான், அது பல சமயம் மாடல் பெயர் மட்டும். பக்கவாட்டில் ஒட்டிய லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார். 16 என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்கு, 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உறிஞ்சுவது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதி வாட் எல்லாம் ஜாதகத்தில் எழுதிய சொத்து மாதிரி.

இன்னொன்று. பின்பக்கம் 115, 230 என்று மாற்றுகிற சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் பழைய டிசைன், வேண்டாம். இன்புட் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருப்பதாக வாங்கு. பொங்கலுக்கு வந்து ஒரு மாதம் இங்கிருந்தே வேலை பார்ப்பேன் என்கிறாய். நம் தெருவில் சாயங்காலம் பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் போட்டதும் டியூப் லைட் சிமிட்டுமே, அதைத் தாங்க வேண்டும். 80 பிளஸ் முத்திரை இருக்கட்டும். சுவரிலிருந்து எடுக்கிற கரண்டில் 80 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளே கொடுக்கிறது என்று அதற்கு அர்த்தம், மீதிதான் சூடாகப் போகும். கையில் தூக்கியும் பார். காற்று மாதிரி இருந்தால் வைத்துவிடு.

2012 ஞாபகம் இருக்கிறதா? கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்றே தெரியாத வருஷம். உனக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கப் போனவள் நான்தான். நீல விளக்கு எரிகிற கேபினெட், எஸ்எம்பிஎஸ் இலவசம் என்றதும் 900 ரூபாய் மிச்சம் என்று மனசு குளிர்ந்துவிட்டது. போன கரண்ட் திரும்பி வந்த ஒரு ராத்திரி, டப் என்று ஒரு சத்தம், வார்னிஷ் கருகிய வாசனை. அது மட்டும் போயிருந்தால் பரவாயில்லை, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோனது. ஆயா சிரிக்கிற மாதிரி இருந்த ஒரே போட்டோ அதில்தான் இருந்தது. வருகிற போகிற விவசாயிக்கெல்லாம் "உள்ளே காப்பர் பாருங்க" என்று சொல்கிறவள், என் பிள்ளைக்கு வாங்கும்போது விளக்கைப் பார்த்தேன். நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தாய், அவ்வளவுதான்.

சரி, பணத்துக்கு என்ன செய்வது? பக்கத்துக் கடை கம்ப்யூட்டர் சர்வீஸ் தம்பியிடம் உன் லிஸ்டைக் காட்டினேன். நீ எழுதியிருக்கிற ஐ5 12400எஃப் பிராசசரில் அந்த எஃப் இருக்கிறதே, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதற்கு அடையாளமாம். அதனால்தான் தனிக் கார்டு கட்டாயமாகிறது. எஃப் இல்லாத 12400 கொஞ்சம் கூட விலை, ஆனால் திரைக்குப் படம் தரும். வீடியோவைச் சுருக்கி விரிக்கிற பகுதியும் உள்ளேயே இருப்பதால் உன் வேலைக்கு அதுவே உதவும் என்றான். கார்டை இப்போது விடு. நாலு கல்யாணம் முடித்துக் காசு வந்ததும் போட்டுக்கொள், போர்டில் ஸ்லாட் எங்கேயும் ஓடிப்போகாது. அதை நினைத்து எஸ்எம்பிஎஸ் மட்டும் இப்போதே 550 வாட்டாக எடு.

ரேம் விலைதான் ஏறிக் கிடக்கிறதாம், ஏஐ கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போகின்றனவாம். நம் ஊர் தக்காளியாக இருந்தால் அடுத்த மாதம் இறங்கும் என்று சொல்வேன். 16 ஜிபி ஒரே துண்டாக வேண்டாம், 8 இரண்டாகப் போடு. ஒரு வாய்க்காலில் விடுகிற தண்ணீரை இரண்டு வாய்க்காலில் விடுகிற கணக்கு. தனிக் கார்டு இல்லாதபோது படம் காட்டவும் அதே ரேம்தான் என்பதால் வித்தியாசம் தெரியுமாம். போர்டு ஏற்கிற ரேம் வகை டிடிஆர்4-ஆ 5-ஆ என்று பார்த்துக்கொள், ஒன்று மற்றதில் நுழையாது.

கேபினெட் எதுவானாலும் போகட்டும், காற்று புகுந்தால் போதும். மூன்று கலர் ஃபேன் உன் இஷ்டம். எனக்குப் பிடிக்கவில்லை.

எர்த்தை மறக்காதே. வாடகை ரூம்களில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் பல இடத்தில் ஒயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கிற ஃபில்டர் வழியாகத் துளி கரண்ட் தகரப் பெட்டிக்கு வந்துகொண்டேதான் இருக்கும். எர்த் இருந்தால் மண்ணுக்குப் போகும், இல்லாவிட்டால் தொட்டவன் கையில் சுருக் என்று ஏறும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல், செலவை நான் தருகிறேன். மிச்சம் இருந்தால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று. கரண்ட் போனாலும் வேலையை சேவ் பண்ணி அணைக்கிற சில நிமிஷம் கிடைக்கும்.

உன் அப்பா, "படிச்ச பையனுக்கு நீ என்ன பாடம் எடுக்கிற" என்கிறார். அவரே இரண்டு தடவை இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "யுபிஎஸ்ஸை எழுது" என்று சொன்னதால்தான் மேலே அந்த வரி.

பார்ட்ஸ் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போகிற அன்றைக்குக் காசு கொடுப்பதற்கு முன்னால் எஸ்எம்பிஎஸ் லேபிளை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஆம்பியர் வரி தெளிவாகத் தெரிய வேண்டும்.

அம்மா