கடன் கொடுத்தவனுக்கும் நட்டத்தில் பங்கு வேண்டும்

சர்வதேச நாணய நிதியத்தின் ஆளுநர்களுக்குக் காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வணக்கம்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழிலுக்கு, போன செட்டியார் குடும்பம் எங்களுடையது. வீட்டுத் தூணெல்லாம் பர்மாத் தேக்கு, அது எந்த வட்டிக் காசில் வந்தது என்பதும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். கடன் கொடுத்தவர்களின் வாரிசாகத்தான் எழுதுகிறேன், அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

1930இல் உலகமே மந்தத்தில் விழுந்தபோது கீழ்ப் பர்மாவில் நெல் விலை பாதிக்கும் கீழே போனது. குடியானவரால் வட்டி கட்ட முடியவில்லை. எங்கள் ஆட்களுக்கு வேண்டியது பணம்தான், சேற்றில் இறங்கி உழத் தெரிந்தவர்களா அவர்கள்? ஆனால் கடனைக் குறைத்துப் பேசி முடிக்கப் பொதுவான ஏற்பாடு எதுவும் இல்லாததால், பத்திரத்தில் எழுதியபடி நிலம் வந்து சேர்ந்தது. 1930இல் கீழ்ப் பர்மா விளைநிலத்தில் சுமார் 6 சதவீதம் செட்டியார்கள் கையில், 1930களின் முடிவுக்குள் கிட்டத்தட்ட 25. அப்புறம் ஊரார் வெறுப்பு, போர், 1948இல் நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம். எங்கள் பெட்டகத்தில் பூச்சி அரித்த பேரேடு ஒன்று இருக்கிறது. பர்மாக்காரர்களின் பெயர்கள் தமிழ் எழுத்தில், அதன் எதிரே அசல், கீழே வட்டி, அதற்கும் கீழே இன்றுவரை வராத பாக்கி.

இன்றைக்கு நாடுகளுக்கும் இதே கதிதான். ஒரு கம்பெனி நொடித்தால் திவால் நீதிமன்றம் உண்டு, நாடு நொடித்தால் ஒன்றும் இல்லை. ஜாம்பியா 2020 நவம்பரில் தவணை தவறியது, கடன்பத்திரக்காரர்களோடு தீர்வு வந்தது 2024இல். பக்கத்து இலங்கை 2022 ஏப்ரலில் கையை விரித்தது, அங்கேயும் பத்திரக்காரர்களோடு முடிய 2024 டிசம்பர் ஆகிவிட்டது. அந்த இடைவெளியில் மின்கட்டணமும் வரியும் ஏறியதைச் சுமந்தது யார்? ஏழை நாடுகளின் கடனைச் சீரமைக்க ஜி20 நாடுகள் 2020இல் கொண்டுவந்த பொதுச் சட்டகத்தில் கடன் கொடுத்த தனியாரை வா என்று கூப்பிடலாம், இழுத்து வர முடியாது. இலங்கை நடுத்தர வருமான நாடு என்பதால் அதற்குள் நுழையவே முடியவில்லை.

உங்கள் வீட்டிலேயே மருந்து இருந்தது. 2001இல் உங்கள் முதல் துணை நிர்வாக இயக்குநராக இருந்த ஆன் குரூகர் நாடுகளுக்கான திவால் முறை ஒன்றை முன்வைத்தார், அமெரிக்கா தலையாட்ட மறுத்ததும் 2003இல் மூட்டை கட்டிவிட்டீர்கள். அதைத் தூசு தட்டுங்கள். ஒரு நாடு தவணையை நிறுத்துகிறேன் என்று அறிவித்த அன்றே கடன் கொடுத்த எல்லாருக்கும் வசூல் ஒரே மாதிரி நிற்கட்டும், மலிவாகப் பத்திரம் வாங்கி முழுத்தொகைக்கு வழக்குப் போடுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். இந்தப் பத்திரங்கள் பெரும்பாலும் நியூயார்க், இங்கிலாந்துச் சட்டங்களின்படி எழுதப்படுபவை, ஆகவே அந்த இரண்டு இடத்திலும் சட்டம் வந்தாலே பாதி வேலை முடிந்தது. பிரிட்டன் 2010இல் மிக ஏழை நாடுகளுக்காக அப்படி ஒரு சட்டம் போட்டுக் காட்டியும் இருக்கிறது.

2021இல் 65,000 கோடி டாலர் மதிப்புக்கு எஸ்டிஆர் (நாடுகளின் கையிருப்புக்காக நிதியமே உருவாக்கித் தரும் சொத்து) பகிர்ந்தீர்களே, பங்குத்தொகைப்படி (ஒவ்வொரு நாடும் நிதியத்தில் போட்ட பங்கு, வாக்குக்கும் அதுவே கணக்கு) பிரித்ததில் குறைந்த வருமான நாடுகளுக்குச் சேர்ந்தது சுமார் 2,100 கோடிதான். நிரம்பி வழியும் கண்மாய்க்கே மடையைத் திறந்துவிட்ட மாதிரி.

1944இல் உங்கள் நிதியத்துக்கு வித்திட்ட பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போன இந்தியக் குழுவில் சண்முகம் செட்டியார் இருந்தார் (கோயம்புத்தூர்க்காரர், பெயரைப் பார்த்து எங்கள் ஆள் என்று சொல்லிக்கொள்பவர்கள் இங்கே உண்டு). அப்போது இந்தியாவுக்கே சுதந்திரம் கிடையாது, ஆப்பிரிக்காவில் முக்கால்வாசிக்கு நாற்காலியே இல்லை. அந்தக் கணக்கின் வாசனை இன்னும் போகவில்லை. 2023 டிசம்பரில் பங்குத்தொகையை 50 சதவீதம் கூட்டத் தீர்மானம் போட்டீர்கள், ஆனால் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில், அதனால் யாருடைய வாக்கும் நகரவில்லை. முக்கிய முடிவுக்கு 85 சதவீத வாக்கு வேண்டும், அமெரிக்காவிடம் மட்டும் சுமார் 16.5. அந்த 85ஐ 80 ஆக்குங்கள், தனி ஒரு நாடு எதையும் தடுக்க முடியாது. அதை மாற்றவும் அதே 85 வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அடுத்த கூட்டத்தில் தீர்மானமாக வைத்து வாக்கெடுங்கள், மறுப்பவர் பெயர் பதிவேட்டில் ஏறட்டும்.