புகைப்படக்காரரின் நோக்கத்தை எங்கே தேடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லை வட்டாரத்தில் அண்மைக் காலமாக நடக்கும் புகைப்படப் போட்டிகள் சிலவற்றில், படத்துடன் "இதை எந்த நோக்கத்துடன் எடுத்தீர்கள்?" என்பதற்கு விளக்கமும் எழுதி அனுப்ப வேண்டும் என்று விதி வைக்கிறார்கள். இளைஞர்கள் சிந்தித்துப் படமெடுக்க வேண்டும் என்ற நல்லெண்ணமே இதற்குக் காரணமாக இருக்கும். ஆயினும், பாளையங்கோட்டையில் நெடுங்காலம் ஸ்டூடியோ நடத்தியவன் என்ற முறையில், இந்தக் கேள்வி தவறான இடத்தில் கேட்கப்படுகிறது என்று உறுதியாகக் கருதுகிறேன்.

ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதி முக்கில் ஒரு மாடியில் நிற்கும் புகைப்படக்காரரை எடுத்துக்கொள்வோம். நெல்லையப்பர் தேர் எந்தப் பக்கமாகத் திரும்பும், அந்த நேரத்து வெயில் யார் முகத்தில் விழும், முட்டுக்கட்டை போடுபவர்கள் எங்கே குனிவார்கள் என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் அவர் அந்த இடத்தைத் தேர்ந்திருப்பார். அதுவரை நடந்தது முழுக்க முழுக்க நோக்கத்தின் வேலை. ஆனால் நின்றிருந்த தேர் அசைந்து, வடம் பிடித்த அத்தனை பேரும் ஒருசேர உடலைச் சாய்க்கும்போது, விரல் யோசனைக்குக் காத்திருப்பதில்லை. காத்திருந்தால் படம் போய்விடும். அந்த நொடியில் ஏன் அழுத்தினீர்கள் என்று பிற்பாடு கேட்டால் அவரால் உண்மையாகச் சொல்லக்கூடியது மிகக் குறைவு. பக்கம் நிறைய எழுதச் சொன்னால் மீதியைப் புனைந்துதான் எழுதுவார், நடுவர்களும் படத்தை விட்டுவிட்டு நடைக்கு மதிப்பெண் போடுவார்கள்.

அதற்காக, உள்ளுணர்வு என்பது சிலருக்கு மட்டும் வாய்த்த வரம் என்று சொல்பவர்களோடும் நான் உடன்படவில்லை. 1932இல் பாரிஸின் சாந்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய நீரைத் தாண்டிக் குதிக்கும் மனிதரை பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த படம் உலகறிந்தது. பலகைத் தடுப்பின் இடுக்கில் லென்ஸை வைத்து, காட்சியைச் சரியாகப் பார்க்கக்கூட இயலாத நிலையில் எடுத்தது அது. ஆனால் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் ஆந்த்ரே லோட் என்ற ஓவியரிடம் மாணவராக இருந்து, ஒரு சட்டத்துக்குள் உருவங்கள் எப்படி அமைய வேண்டும் என்பதைக் கண்டிப்பான முறையில் பயின்றவர். அந்தப் பயிற்சி இல்லாத கையில் அந்த இடுக்கு வெறும் இடுக்காகவே இருந்திருக்கும்.

இதைவிடத் தெளிவான சான்று அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ். 1941இன் இலையுதிர் காலத்தில் ஒரு மாலை, நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் காரில் கடந்தபோது, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளில் கடைசி வெயிலும் மேலே நிலவும் சேர்ந்திருந்ததைக் கண்டு வண்டியை நிறுத்தினார். பெரிய கேமராவை அவசரமாக நிறுத்தியும், ஒளிமானி கைக்குக் கிடைக்கவில்லை. நிலவின் ஒளிர்வு சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது நினைவில் இருந்ததால், அதை வைத்து மனத்திலேயே கணக்கிட்டு ஒரே ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகளின் மீதிருந்த வெளிச்சம் மறைந்துவிட்டது. வண்டியை நிறுத்தியது உள்ளுணர்வு என்றால், கணக்கு பல ஆண்டுக் கல்வி. கதை அதோடு முடியவும் இல்லை. 1948இல் அதே நெகட்டிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தில் நனைத்துச் செறிவூட்டினார். பிற்காலப் பிரிண்டுகளில் வானத்தை ஏறக்குறையக் கறுப்பாகவே மாற்றினார். நோக்கம் படமெடுத்த பின்பும் பல பத்தாண்டுகள் இருட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தது.

நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமரா வந்த பிறகு உள்ளுணர்வுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், ஒருமுறை கூந்தன்குளத்துக்குப் போய் மஞ்சள் மூக்கு நாரைகளைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். பறக்கப்போகும் பறவை உடலைச் சற்றுத் தாழ்த்தும், பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும். இது பழகிய கண்ணுக்குத்தான் உரிய நேரத்தில் தெரியும். தெரியாதவருக்கு, பறவை போன பிறகான வெறும் கிளைகளே நூற்றுக்கணக்கில் மிஞ்சும். சரியாக எடுத்தவருக்கும், அவற்றுள் எது படம் என்று தேர்ந்து மற்றவற்றை ஒதுக்கும் பெரிய வேலை காத்திருக்கிறது. என் அனுபவத்தில் புதியவர்கள் மிகவும் திணறுவது இந்த இடத்தில்தான். இதைச் சொல்லிக்கொடுப்பாரும் குறைவு.

ஆகவே போட்டி நடத்துவோர், விளக்கம் கேட்பதற்குப் பதிலாக, அனுப்பிய படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த நான்கைந்து படங்களை உடன் கேட்டு வாங்கலாம். எங்கே நின்றார், எதற்காகக் காத்திருந்தார், எதைத் தள்ளி எதை வைத்துக்கொண்டார் என்பதை நடுவர்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். எழுத வராத நல்ல புகைப்படக்காரர் தோற்கவும் மாட்டார். தங்கள் நாளிதழும் வரும் ஆனித் திருவிழாவின்போது, தேர்ப் படம் ஒன்றையாவது இவ்வாறு அதன் முன்பின் படங்களோடு சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.