கரண்ட் வைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்ன நாளில்கூட நான் அவ்வளவு கலங்கவில்லை. "கரண்ட் வைக்கணுமாம்" என்று வீட்டில் பேசிக்கொண்டபோதுதான் கை கால் உதறிவிட்டது. கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் கோவில்பட்டித் தெருவில் அதுதான் பெயர். ஷாக் அடிக்கும், உடம்பு கருகிப்போகும் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எட்டு வாரம் சென்னையில் தங்கி, எல்லாம் முடிந்து ஊர் திரும்பி நாலு மாதம் ஆகிறது. அந்தப் பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிப் போட்டவர்களுக்கு இந்த மடல். பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

முதலில் மிஷின் அறைத் தம்பிக்கு. "ஷாக் அடிக்குமா தம்பி?" என்று முதல் நாள் கேட்டதற்கு நீங்கள் சிரிக்கவில்லை. "எக்ஸ்ரே எடுத்தப்ப அடிச்சுதாம்மா? அதே சாதிதான், சக்தி மட்டும் ரொம்ப அதிகம்" என்றீர்கள். பழைய கோபால்ட் மிஷினில் கதிர்வீசும் பொருள் எப்போதும் உள்ளேயே இருக்கும், லினாக் என்ற இந்த மிஷினில் மின்சாரத்தை வைத்துத்தான் கதிரையே உண்டாக்குகிறோம், அணைத்தால் கதிரும் நின்றுவிடும் என்றும் விளக்கினீர்கள். அப்படியானால் எங்கள் தெரு சொன்ன பெயர் முழுத் தப்பில்லை!

தினமும் நீங்கள் கேட்ட "தண்ணி குடிச்சாச்சாம்மா?" இன்னும் காதில் இருக்கிறது. சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடலை மேலே தள்ளிவிடும், குடலில் கதிர் படுவது குறையும் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் அரை லிட்டரை முகம் சுளிக்காமல் குடித்தேன். இடுப்பில் கடுகளவு மூன்று பச்சைப் புள்ளி குத்தினீர்களே, சுவரிலிருந்து வரும் சிவப்புக் கோட்டுக்கு அடையாளமாக. என் பாட்டிக்குக் கை நிறையப் பச்சை. எனக்கு 54 வயதில்தான் அந்தப் பாக்கியம்.

வெளியிலிருந்து 25 தடவை, ஒவ்வொன்றும் 1.8 கிரே (கதிரை அளக்கும் அலகு அது), மொத்தம் 45. வாரம் ஒரு நாள் கீமோ ஊசி. நடுவில் மிஷின் இரண்டு நாள் படுத்துவிட்டது. தாழ்வாரத்தில் எல்லோரும் கத்தினோம், நானும்தான். இந்த நோய்க்கு மொத்த சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும், இழுத்துக்கொண்டே போனால் பலன் குறையும் என்று சொல்லி, சனிக்கிழமையும் வந்து கணக்கை நேர் செய்தீர்கள். கத்தியதற்கு மன்னிப்பும் இதிலேயே சேர்த்தி.

அப்புறம், உள்ளே வைக்கும் கரண்ட். இதைப் பற்றி எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன். சரி, அடுத்து வருபவளுக்கு உதவட்டும். முதுகில் ஊசி போட்டு, கருப்பைக்குள் மெல்லிய குழாய்களைப் பொருத்தி, அவற்றை ஒரு பெட்டியோடு இணைக்கிறார்கள். பெட்டிக்குள்ளிருந்து இரிடியம் என்ற பொருள், நொய்யரிசி அளவுகூட இல்லாதது, கம்பி நுனியில் ஊர்ந்து வந்து கட்டிக்குப் பக்கத்திலேயே சில நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறது. பக்கத்தில் நின்று கொடுப்பதால் கட்டிக்கு நிறையக் கிடைக்கும், சற்றுத் தள்ளியுள்ள உறுப்புகளுக்கு வெகுவாகக் குறையும். வாரம் ஒன்றாக நான்கு தடவை, ஒவ்வொன்றும் 7 கிரே. வலி இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குழாயோடு அசையாமல் படுத்திருப்பதுதான் பெரும்பாடு. எல்லோரும் வெளியே போய்க் கதவை மூடிய பிறகு, "நான் கேமராவில பார்த்துட்டே இருக்கேன்கா" என்று ஸ்பீக்கரில் குரல் கொடுத்த நர்ஸ் தங்கச்சிக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

முதல் தடவை 10 நிமிடம். அடுத்த வாரம் அதைவிட 40 விநாடி கூட. எனக்கு நோய் முற்றிவிட்டதோ என்று பதறினேன். கதிரின் அளவைக் கணக்குப் போட்டுக் கணினிக்குப் பின்னாலேயே இருக்கும் பிசிசிஸ்ட் சார் எழுந்து வந்தார். இரிடியத்தின் வீரியம் 74 நாளில் பாதியாகிவிடும், வாரத்துக்கு வாரம் குறைவதால் அதே அளவைக் கொடுக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டினார். அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன் சார்.

தங்கியிருந்த விடுதித் தோழிகளுக்கும் நன்றி. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் குடித்த அக்கா சில நாள் தனி அறையில் இருந்தார், குழந்தைகளிடம் நெருங்கக் கூடாது என்றார்கள். அதைக் கேட்டு நானும் பேரனைத் தூக்க முடியாதோ என்று அழுதேன். அவருக்கு மருந்து உடம்புக்குள் இருக்கிறது, எனக்கு எதுவும் தங்குவதில்லை என்று டாக்டரம்மா புரியவைத்தார். எதிர் அறைப் பெரியவருக்கு எலும்பு வலிக்காக ஒரே ஒரு தடவைதான் வைத்தார்கள். பெயர் ஒன்றுதான், ஆளுக்கொரு விதம்.

மூன்றாம் வாரம் வயிற்றுப்போக்கு வந்தபோது கீரையையும் பாலையும் நிறுத்தி மோரும் தயிர்சாதமும் சாப்பிடச் சொன்ன உணவு ஆலோசகருக்கு நன்றி. பிறப்புறுப்புப் பாதை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க டைலேட்டர் என்ற விரிக்கும் கருவியைப் பயன்படுத்தும் விதத்தை, கதவைச் சாத்திக்கொண்டு, கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுத்த மூத்த நர்ஸக்காவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. என் அம்மாகூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை. ரயிலில் படுக்கைப் பெட்டியில் எனக்குக் கட்டணமே கிடையாது, கூட வரும் மகனுக்குக் கால்வாசிதான் என்று சொல்லிச் சான்றிதழும் வாங்கித் தந்த சமூகப் பணியாளருக்கும்தான்.

அடுத்த மாதம் பரிசோதனைக்கு வருகிறேன். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் எல்லோருக்கும் உண்டு. சர்க்கரை இருக்கிற பிசிசிஸ்ட் சாருக்கு மட்டும் சாத்தூர் காராச்சேவு.

இப்படிக்கு,
மூன்று பச்சைப் புள்ளி அம்மா