ஹால் சாவி கேட்டு ஒரு மடல்

நம் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் நான் கேட்டது சின்ன உதவிதான். இங்கே அமெரிக்காவில் என் மகள் படிக்கும் பள்ளியில் கறுப்பின அப்பாக்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள். அவர்கள் கூடிக்கொண்டிருந்த முடிதிருத்தும் கடை மூடிவிட்டது. நம் ஹால் சனிக்கிழமை காலையில் பூட்டித்தான் கிடக்கிறது, இரண்டு மணி நேரம் கொடுக்கலாமா என்றேன். இன்சூரன்ஸ், பார்க்கிங் பற்றிக் கேட்டீர்கள். நியாயமான கேள்விகள். அப்புறம் ஒருவர் சொன்னார்: "அவங்க வீட்டுல அப்பான்னு ஒருத்தர் இருந்தாத்தானே கூட்டம் போட?" கறுப்பின அப்பாக்கள் பிள்ளையைக் கைவிட்டுப் போகிறவர்கள் என்ற கேலி. நாலைந்து பேர் சிரித்தார்கள். என் கோரிக்கை "பிறகு பார்க்கலாம்" ஆனது. நானும் அன்று வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். அந்த உறுத்தலில்தான் எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

மகள் பிறந்தபோது மாமியாருக்கு விசா கிடைக்கவில்லை. ஆபரேஷன் ஆன மனைவியால் குனியக்கூட முடியாது. பச்சைக் குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது என்று எனக்குச் சொல்லித்தந்தவர் எதிர்வீட்டுக் கறுப்பினத்தவர். கூரியர் வண்டி ஓட்டுகிறவர், மூன்று பிள்ளைகளின் அப்பா. முழங்கையை விட்டுத் தண்ணீர்ச் சூடு பார்த்தார், இடது கையில் தலையைத் தாங்கிக்கொண்டார். நம் பாட்டிகள் காலை நீட்டி உட்கார்ந்து செய்வதைச் சமையலறை மேடையோரம் நின்றபடி செய்து முடித்தார். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டேன். "எங்க அப்பாகிட்ட" என்றார்.

ஒரு ஆளை வைத்து முடிவு கட்டாதே என்பீர்கள். சரி, அரசாங்கக் கணக்குக்கே வருகிறேன். சி.டி.சி. எனப்படும் அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2013-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோடு ஒரே வீட்டில் இருக்கும் அப்பாக்களில், தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதோ, டயப்பர் மாற்றுவதோ, உடுத்திவிடுவதோ செய்கிறவர்கள் கறுப்பினத்தில் 70 சதவீதம். வெள்ளையரில் 60, ஹிஸ்பானியரில் (லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள்) 45. பிள்ளையைப் பிரிந்து வாழும் அப்பாக்கள் கறுப்பினத்தில் அதிகம் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் கல்யாணம் ஆகவில்லை என்பதும் தனி வீட்டில் இருக்கிறார் என்பதும் பிள்ளையைக் கைவிட்டார் என்பதும் மூன்று வேறு விஷயங்கள். நாம் மூன்றையும் ஒன்றாக்கிச் சிரித்தோம்.

அப்பாக்கள் இப்படிப் பிரிந்து வாழ்வதில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. அலபாமா மாநிலத்தில் ஒரு விதி இருந்தது. அரசு உதவியில் பிள்ளை வளர்க்கும் தாயோடு ஓர் ஆண் உறவில் இருந்தால், அவர் பெற்ற அப்பாவோ இல்லையோ, அந்த உதவி நிறுத்தப்படும். ஆண் வாடை இருக்கிறதா என்று பார்க்க ராத்திரியில் கதவைத் தட்டிய அதிகாரிகள் பல மாநிலங்களில் இருந்தார்கள். அலபாமா விதியை உச்ச நீதிமன்றம் 1968-இல்தான் ரத்து செய்தது. சைல்டு சப்போர்ட், அதாவது பிரிந்து வாழும் அப்பா பிள்ளைக்காகக் கட்டவேண்டிய பராமரிப்புப் பணம், அந்தக் கதை இன்னும் முடியவில்லை. வேலை போய்ப் பணம் கட்ட முடியாத அப்பாவுக்குச் சிறை நேர்வதுண்டு, சிறைக்குப் போனால் அடுத்த வேலையும் போகும். 2015-இல் தென் கரோலினாவில் வால்டர் ஸ்காட் போலீஸிடமிருந்து ஓடியபோது முதுகில் சுடப்பட்டு இறந்தார். அவர் பேரில் இந்த நிலுவைக்காக வாரண்ட் இருந்தது. அதற்குப் பயந்துதான் ஓடினார் என்றார்கள் குடும்பத்தார்.

இன்னும் பின்னால் போனால் 1865. அடிமை முறை ஒழிந்ததும், விற்கப்பட்டுப் பிரிந்த பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர் கறுப்பினப் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். பிலடெல்பியாவின் 'கிறிஸ்டியன் ரெக்கார்டர்' இதழில் அப்படி எத்தனையோ. பிள்ளையின் பெயர், கடைசியாகப் பார்த்த ஊர், விற்றவன் பெயர், வாங்கியவன் பெயர். படித்துப் பாருங்கள், நம் சிரிப்பு தொண்டையில் அடைக்கும்.

நம் ஹாலைக் கேட்கும் அந்த அப்பாக்களின் கூட்டத்துக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். பெரிய சொற்பொழிவெல்லாம் கிடையாது. கோர்ட் படிவத்தை எப்படி நிரப்புவது, ராத்திரி ஷிஃப்ட் பார்ப்பவர் பிள்ளைக்குக் கதை படிக்க எப்போது நேரம் ஒதுக்குவது என்று பேச்சு போகும். போலீஸ் நிறுத்தினால் கை ஸ்டியரிங்கிலேயே இருக்கவேண்டும் என்பதை மகனைப் பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது என்று ஒருவர் கேட்டார். யாரும் உடனே பதில் சொல்லவில்லை.

இப்படிக் கூடுவதால் என்ன நடந்துவிடும் என்பவர்களுக்கு, லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட்டில் உள்ள சவுத்வுட் பள்ளிதான் பதில். 2021-இல் மூன்று நாள் அடிதடியில் 23 மாணவர்கள் கைதானார்கள். அப்பாக்கள் சுமார் நாற்பது பேர் 'டாட்ஸ் ஆன் டியூட்டி' (பணியில் அப்பாக்கள்) என்று பனியன் போட்டுக்கொண்டு முறை வைத்துப் பள்ளி வராந்தாவில் நின்றார்கள். வணக்கம் சொன்னார்கள், கடி ஜோக் அடித்தார்கள், முறைக்கவேண்டிய இடத்தில் முறைத்தார்கள். சண்டை நின்றது.

நம் கதை மட்டும் என்ன? பொங்கல் விழாவில் பாதி அப்பாக்கள் ஓரமாக நின்று போனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், என்னையும் சேர்த்து. பிள்ளை வளர்ப்பில் தடுமாறுகிறேன் என்று சொல்ல நமக்கு ஓர் இடம் கிடையாது. அவர்களுக்கு இருந்த இடமும் போய்விட்டது.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, பத்து முதல் பன்னிரண்டு வரை. இன்சூரன்ஸ் படிவத்தில் என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், நாற்காலிகளை நானே அடுக்கிவைக்கிறேன். சாவி பொருளாளரிடம் இருப்பதாகக் கேள்வி. ஒன்பதரைக்கு அவர் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளலாமா?

இப்படிக்கு,
உங்கள் ஆயுள் உறுப்பினர்களில் ஒருவன்